ஈஎம்சி சோதனைக்கு வண்டி எலக்ட்ரானிக்ஸைத் தயார் செய்வது: ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் பல பத்தாண்டுகளாக வண்டி செய்கின்றன. இப்போது ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. இவற்றை நம்பி சிப்காட் ஷெட்டுகளில் மீட்டர், ஃபிளாஷர், எல்இடி விளக்கு, சார்ஜர், கன்ட்ரோலர் என்று பாகம் செய்யும் சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்கள். முதல் பெரிய ஆர்டர் வரும்போது கூடவே ஈஎம்சி சோதனை அறிக்கையும் கேட்பார்கள். ஈஎம்சி என்றால் மின்காந்த ஒத்திசைவு, அதாவது ஒரு பொருளின் மின் இரைச்சல் பக்கத்துப் பொருளைக் கெடுக்காமலும், மற்றவற்றின் இரைச்சலால் தான் கெடாமலும் ஓடுவது. அப்போதுதான் எனக்கு போன் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

என் அனுபவத்தில் சோதனையில் தோற்கும் பாகங்களில் பெரும்பாலானவை சர்க்யூட் தவறால் தோற்பதில்லை. வயரும் எர்த்தும் சரியில்லாமல் தோற்கின்றன. அல்லது எது பாஸ், எது ஃபெயில் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் போய்த் தோற்கின்றன. இரண்டையும் ஊரிலேயே, உங்கள் மேசையிலேயே சரிசெய்யலாம்.

எங்கள் பொருள் வண்டியில் நன்றாகத்தானே ஓடுகிறது. பிறகு எதற்கு இந்தச் சோதனை?

உங்கள் பொருள் ஓடுகிறதா என்பது பாதிக் கேள்வி. பக்கத்தில் இருப்பதை ஓட விடுகிறதா என்பது மீதிப் பாதி. கிருஷ்ணகிரி வழியாகப் போகும் லாரி ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்கு மாட்டிய நாளிலிருந்து தருமபுரி எஃப்எம் 102.5 கரகரக்கிறது, விளக்கை அணைத்தால் பாட்டு தெளிவாகிவிடுகிறது என்பார்கள். விளக்குக்குள் இருக்கும் டிரைவர் போர்டு நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டின் இரைச்சல் வயர் வழியாக வெளியே வந்து ரேடியோவின் ஆன்டெனாவில் ஏறிக்கொள்கிறது.

ரேடியோ கெட்டால் எரிச்சலோடு போகும். அதே இரைச்சல் வேக சென்சாரின் வயரில் ஏறினால் கதை வேறு. அதனால்தான் சோதனைக்கு இரண்டு முகம். ஒன்று உமிழ்வு: உங்கள் பொருள் எவ்வளவு இரைச்சலை வெளியே விடுகிறது. இன்னொன்று தாங்குதிறன்: வெளியிலிருந்து வருவதை எவ்வளவு தாங்குகிறது. வானொலி கேட்பவர்களைக் காப்பாற்றத்தான் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-ல் தொடங்கப்பட்டது. இன்று அதே வண்டிக்குள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஜிபிஎஸ், அது போக ப்ளூடூத், மொபைல் மோடம் எல்லாம் இருக்கின்றன. காப்பாற்ற வேண்டிய பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

எந்தத் தரநிலைப்படி சோதிக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்களே.

எல்லோரும் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். இந்தியாவில் வண்டிக்கான அரசு ஒப்புதலுக்கு ஏஐஎஸ்-004 பகுதி 3. அது ஐ.நா.வின் ஆர்10 விதியை ஒட்டியது. இது முழு வண்டிக்கும் அதில் மாட்டும் எலக்ட்ரானிக் பாகத்துக்கும் குறைந்தபட்சத் தேவையைச் சொல்கிறது.

பாகத்தை அளக்கும் முறைகள் வேறு எண்களில் இருக்கின்றன. உமிழ்வுக்கு சிஸ்பர் 25. வெளியிலிருந்து வரும் அலைகளைத் தாங்குவதற்கு ஐஎஸ்ஓ 11452 வரிசை. பேட்டரி வயரில் வரும் திடீர்த் துடிப்புகளுக்கு ஐஎஸ்ஓ 7637. நிலைமின்சாரத்துக்கு ஐஎஸ்ஓ 10605. மின்னழுத்தம் ஏறுவது, இறங்குவது, பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது போன்றவற்றுக்கு ஐஎஸ்ஓ 16750-2.

இதற்கெல்லாம் மேலே வண்டிக் கம்பெனி தனக்கென்று ஒரு ஆவணம் வைத்திருக்கும். பெரும்பாலும் அதுதான் அரசு விதியைவிடக் கடுமை. உதாரணமாக நிலைமின்சாரச் சோதனை ஆர்10-ல் இல்லை, ஆனால் எந்த வண்டிக் கம்பெனியும் அதை விடாது. ஆகவே ஆர்டர் பேசும்போதே மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: தரநிலையின் எண்ணும் ஆண்டும், சிஸ்பர் 25-ல் எத்தனையாவது கிளாஸ், தாங்குதிறனில் எந்த அளவு. சிஸ்பர் 25-ல் 1 முதல் 5 வரை கிளாஸ் உண்டு, 5 தான் மிகக் கடுமை. கிளாஸ் 3-க்கு வடிவமைத்த போர்டை, வயரில் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டிக் கிளாஸ் 5-க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அநேகமாக நடக்காது.

சோதனைக்கு எங்கே போவது?

தரமணியில் உள்ள சமீர் மின்காந்தவியல் மையம், ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி ஆகியவை தமிழ்நாட்டுக்குள். வடக்கே புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐசாட். பெங்களூரில் தனியார் லேப்கள் இருக்கின்றன, ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்துப் பயணம். வண்டிக்கான அரசு ஒப்புதல் என்றால் மோட்டார் வாகன விதிகள் ஏற்கும் முகமைக்குத்தான் போக வேண்டும். பாகத்தின் சோதனைக்கு, வண்டிக் கம்பெனி எந்த லேபின் அறிக்கையை ஏற்கும் என்று முதலில் கேளுங்கள். லேபுக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு வேண்டிய சோதனையின் எண் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும்.

தயாரிப்பை எப்போது தொடங்குவது? போர்டு வந்த பிறகா?

போர்டு வரையும்போதே. சுவிட்ச் ஆகும் மின்சாரம் சுற்றி வரும் பாதையை எவ்வளவு சின்னதாக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. டிசி-டிசி கன்வெர்ட்டரில் உள்ளே வரும் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் (மின்சாரத்தை வெட்டி விடும் சுவிட்ச்), டயோடு மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்கார வேண்டும். கனெக்டர்கள் எல்லாம் போர்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் நல்லது. இரண்டு எதிர்ப்பக்கங்களில் வயர் போனால் இரைச்சல் போர்டைக் குறுக்கே கடந்து போகும், போர்டே ஒரு ஆன்டெனா ஆகிவிடும்.

இரண்டு அடுக்கா நான்கு அடுக்கா என்று கேட்பார்கள். மைக்ரோகன்ட்ரோலரும் சுவிட்சிங் சப்ளையும் ஒன்றாக இருந்தால் நான்கு அடுக்கே போடுங்கள் என்பேன். உள்ளே ஒரு அடுக்கு முழுக்க முழுக்க எர்த், அதில் எந்த டிராக்கும் ஓடக்கூடாது. போர்டுக்குச் சில ரூபாய் கூடும். ஆனால் லேபில் தோற்று மறுபடி ஒரு நாள் சேம்பர் (வெளி அலை புகாத சோதனை அறை) எடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

இன்னொன்று, கனெக்டருக்குப் பக்கத்தில் ஃபில்டருக்கான இடங்களை வரைந்து வையுங்கள். இப்போதைக்கு அதில் ஒன்றும் மாட்ட வேண்டாம், இல்லாவிட்டால் பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் போட்டு வையுங்கள். லேபில் தோற்கும் நாளில் அந்தக் காலி இடங்கள்தான் காப்பாற்றும்.

போர்டைவிட வயரைப் பற்றியே அதிகம் பேசுகிறீர்கள். ஏன்?

கணக்கு அப்படி. உங்கள் போர்டு பத்து சென்டிமீட்டர். சோதனையில் அதோடு மாட்டும் ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, சுமார் 1.7 மீட்டர். ஒரு வயர் தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள அலையை நன்றாக வீசும். 1.5 மீட்டர் வயருக்கு அது 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம். போர்டில் பிறக்கும் இரைச்சல் அந்த வயரில் ஏறியதும், கையில் மைக்கைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எர்த் வயரும் அப்படித்தான். டிசியில் எர்த் வயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டும். ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டர் வயருக்கும் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 10 சென்டிமீட்டர் என்றால் 100 நானோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 60 ஓமுக்கும் மேல். அதாவது எஃப்எம் அலைவரிசைக்கு அந்த எர்த் கிட்டத்தட்ட எர்த்தே இல்லை.

இதை நேரில் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன். சூளகிரிப் பக்கம் ஒரு யூனிட்டில் மின்சார ஸ்கூட்டருக்கான கன்வெர்ட்டர், பேட்டரியின் 60 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றுவது. லேபில் ஒருமுறை தோற்றுத் திரும்பியிருந்தது. மேசையில் அலுமினியத் தகடு விரித்து, வயர் கட்டைச் சுற்றி, அதில் ஓடும் இரைச்சலை எடுக்கும் கரன்ட் கிளாம்ப் மாட்டிப் பார்த்தோம். திரையில் 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 110 வரை ஒரு பெரிய மேடு. பெட்டியைத் திறந்தேன். போர்டின் எர்த்திலிருந்து அலுமினியப் பெட்டிக்கு ஒரு பச்சை வயர், நுனியில் லக் வைத்து முடுக்கியிருந்தது. அழகாகத்தான் செய்திருந்தார்கள். நீளம் 12 சென்டிமீட்டர். அங்கே வேலை செய்யும் தம்பியிடம், "இந்த வயரை எடுத்துவிட்டு, போர்டு மூலையில் இருக்கும் ஸ்குரூ ஓட்டையின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, பெட்டியோடு நேராக முடுக்கு" என்றேன். "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டுக்கொண்டே சுரண்டினார். பெட்டியின் உள்ளே அந்த ஸ்குரூ உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தது, அதையும் எமரித் தாளால் தேய்த்தோம். மறுபடி ஆன் செய்தபோது மேடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்தச் சத்தமில்லாத திரையை அவர் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். செலவு ஒரு எமரித் தாள்.

அப்படியானால் சோதனைக்கான ஹார்னஸை எப்படிச் செய்வது?

வண்டியில் போகும் ஹார்னஸைக் கழற்றிக் கொண்டுபோகாதீர்கள். சிஸ்பர் 25 சோதனைக்கு ஹார்னஸின் நீளம் குறைந்தது 1.7 மீட்டர், அதிகபட்சம் 2 மீட்டர். அதில் 1.5 மீட்டர் மேசையின் முன் விளிம்புக்கு இணையாக, விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே, எர்த் தகட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் போக வேண்டும். ஆன்டெனா 1 மீட்டர் தள்ளி நிற்கும். இந்த அளவுகளில் ஒன்று மாறினாலும் அளவீடு மாறும். நீளம் கூடிவிட்டது என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாது.

வயர் வகை வண்டியில் இருப்பதேயாக இருக்க வேண்டும். வண்டியில் கேன் வயர் (பாகங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வயர்) முறுக்கப்பட்டிருந்தால் இங்கேயும் முறுக்க வேண்டும், முறுக்கு கனெக்டர் வரை வர வேண்டும். ஷீல்டு வயர் என்றால் ஷீல்டை இரண்டு முனையிலும் எப்படி முடிக்கிறீர்கள் என்று வண்டியின் வரைபடத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயர் தனியாகவா, பெட்டியே எர்த்தா என்பதும் வண்டியில் உள்ளபடியே. பெட்டி வண்டியின் சட்டத்தில் முடுக்கப்படுவது என்றால் மட்டும் சோதனை மேசையில் எர்த் தகட்டோடு இணைக்க வேண்டும். வண்டியில் பிளாஸ்டிக் மேல் உட்காரும் பெட்டியை இங்கே எர்த் செய்து பாஸ் ஆனால், அந்த அறிக்கை வண்டிக்குப் பொருந்தாது. முக்கியமாக, இரண்டு செட் ஹார்னஸ் கொண்டுபோங்கள்.

லோடு பாக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

உங்கள் கன்ட்ரோலருக்கு வண்டியில் மோட்டார், விளக்கு, சுவிட்ச், சென்சார் எல்லாம் மாட்டியிருக்கும். சேம்பரில் வண்டி இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்ய வேண்டும், அதுதான் லோடு பாக்ஸ். உலோகப் பெட்டியாக இருக்கட்டும். உள்ளே இயன்றவரை ரெசிஸ்டர், பல்பு, ரிலே போன்ற சாதாரணப் பொருள்கள். மைக்ரோகன்ட்ரோலர் போட்ட சிமுலேட்டர் செய்தால் அதுவே இரைச்சல் விடும், பிறகு எது யாருடைய இரைச்சல் என்று பிரிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

இதில் ஒருமுறை ஒரு நாளை முழுசாக இழந்தோம். ஒரு மீட்டர் கிளஸ்டருக்குக் கேன் செய்தி அனுப்ப லேப்டாப்பையும் யூஎஸ்பி கருவியையும் சேம்பருக்குள் மேசையடியில் வைத்திருந்தார்கள். 48, 96 மெகாஹெர்ட்ஸில் ஊசி போல இரைச்சல். கிளஸ்டரைக் குற்றம் சொல்லி மத்தியானம் வரை கெப்பாசிட்டர் மாற்றினோம். கடைசியில் கிளஸ்டரின் கனெக்டரையே கழற்றியும் ஊசி அப்படியே நின்றது. யூஎஸ்பியின் கிளாக். அன்றிலிருந்து, லேப் எந்தப் பொருளை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, "சாம்பிளை அணைத்துவிட்டு ஒரு ஸ்வீப் எடுங்கள்." சாம்பிள் அணைந்திருக்கும்போது கோடு லிமிட்டுக்குக் குறைந்தது 6 டெசிபல் கீழே இருக்க வேண்டும். கேன் செய்தியைச் சேம்பருக்கு வெளியே வைத்துக்கொண்டு ஆப்டிகல் ஃபைபர் வழியாக உள்ளே அனுப்பும் கருவி பல லேப்களில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

டெஸ்ட் பிளானில் என்ன எழுத வேண்டும்?

இதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. தாங்குதிறன் சோதனையில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.

ஒரு ஸ்பீடோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்துக்கான துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆன்டெனா மீட்டருக்கு 30 வோல்ட் என்ற அளவில் அலையை வீசுகிறது. 240 மெகாஹெர்ட்ஸில் முள் 63-க்குப் போய்த் திரும்புகிறது. இது பாஸா, ஃபெயிலா? லேப் இன்ஜினியர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் உங்கள் முதலாளிக்கு போன் செய்வீர்கள். அவர் வண்டிக் கம்பெனிக்கு போன் செய்வார். சேம்பர் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பத்து நாள் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்: முள் கூடக்குறைய எத்தனை கிலோமீட்டர் ஆடலாம், எத்தனை நொடி ஆடலாம்.

எழுதுவதற்கு ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகள் இருக்கின்றன. தமிழில் சொன்னால், ஏ என்பது சோதனை நடக்கும்போதும் பிறகும் எல்லாம் சரியாக ஓடுவது. பி என்றால் ஓடும், ஆனால் அளவு கொஞ்சம் தவறும், பிறகு தானே சரியாகும். சி என்றால் வேலை நிற்கும், அலை நின்றதும் தானே திரும்பும். டி என்றால் ஓட்டுநர் சாவியை அணைத்துப் போட்டால்தான் திரும்பும். ஈ என்றால் ரிப்பேர். ஒவ்வொரு வேலைக்கும் எந்த நிலை ஏற்கத்தக்கது என்று தனித்தனியாக எழுதுங்கள். கடிகாரம் ஒரு நொடி மின்னினால் பரவாயில்லை. பிரேக் விளக்கு தானாக எரியக்கூடாது, ஆக்சிலரேட்டர் தானாக ஏறக்கூடாது. அவற்றுக்கு ஏ தவிர வேறு எதையும் எழுதாதீர்கள், யார் கேட்டாலும்.

அப்புறம், பொருள் எந்த நிலையில் ஓட வேண்டும் என்பது. தூங்கும் நிலை, சாவி போட்ட நிலை, முழு லோடு. உமிழ்வில் எது மோசமான நிலை என்று உங்கள் மேசையிலேயே பார்த்து அதை எழுதுங்கள். எப்படிக் கவனிப்பது என்பதும் எழுத வேண்டும். கேமராவா, கேன் பதிவா, வெளியே வயர் எடுத்து ஆஸிலோஸ்கோப்பா. உங்கள் பொருள் தவறைக் காட்ட 5 நொடி எடுக்கும் என்றால் லேபிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் 1 நொடி மட்டும் நின்று போனால் தவறு கண்ணில் படாமலே போய்விடும், அது வாடிக்கையாளர் கையில்தான் தெரியும்.

ஊரிலேயே முன்சோதனை செய்ய என்னென்ன வேண்டும்? விலை கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மர மேசை, மேலே அலுமினியத் தகடு. சப்ளைக்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, சுவிட்சிங் பவர் சப்ளை வேண்டாம், அதன் இரைச்சலைத்தான் அளப்பீர்கள். இரண்டு லிஸன், அதாவது பேட்டரி வயரில் 5 மைக்ரோஹென்றி வைத்து இரைச்சலைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. விலைக்கும் கிடைக்கும், கவனமாகச் செய்தால் சொந்தமாகவும் செய்யலாம். எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று திரையில் காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்கள் இப்போது நல்ல மொபைல் போனைவிடக் குறைந்த விலையில் வருகின்றன. துல்லியம் லேபுக்கு ஈடாகாது, ஆனால் கூடியதா குறைந்ததா என்று சொல்லும். உங்களுக்கு அதுதான் வேண்டும்.

கரன்ட் கிளாம்ப், பிளவுபட்ட ஃபெரைட் வளையத்தில் சில சுற்று வயர் சுற்றிச் செய்துவிடலாம். போர்டில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தேட, மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிளின் நுனியை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வளைத்து, நடு வயரை ஷீல்டோடு பற்றவைத்தால் போதும். போர்டின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே திரை எகிறுகிறதோ அங்கே வேலை இருக்கிறது.

ஒன்றுமே வாங்க முடியாதா? ஒரு பாக்கெட் ரேடியோவை எடுத்து 102.5-ல் வைத்து, உங்கள் ஹார்னஸ் பக்கத்தில் பிடியுங்கள். பொருளை ஆன் செய்ததும் தருமபுரி எஃப்எம் அழிந்துபோனால் லேபுக்கு வண்டி ஏறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தாங்குதிறனைப் பார்க்க வாக்கி-டாக்கியை எடுத்துப் பொருளின் பக்கத்தில் அழுத்துவார்கள். பெரும்பாலான வாக்கி-டாக்கிகளுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அலை வீசுவது சட்டப்படி குற்றம். பெரிய அலைகளைச் சேம்பருக்கே விட்டுவிடுங்கள்.

மொபைல் போனைப் பக்கத்தில் வைத்தால் எங்கள் மீட்டர் துடிக்கிறது. என்ன காரணம்?

பழைய டேப்ரெக்கார்டர் பக்கத்தில் போன் வைத்திருந்தவர்களுக்கு அந்த டிக்-டிக்-டிர்ர் சத்தம் ஞாபகம் இருக்கும், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே வரும். 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலை வீசும். மீட்டருக்குள் இருக்கும் சென்சார் ஆம்ப்ளிஃபையர் அந்த 900 மெகாஹெர்ட்ஸ் அலையை டயோடு மாதிரி நேராக்கி, 217 ஹெர்ட்ஸ் ஆட்டமாகக் காட்டுகிறது. சோதனையிலும் 800 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இதே மாதிரித்தான், 577 மைக்ரோநொடி அலை, பிறகு இடைவெளி, மொத்தம் 4600 மைக்ரோநொடி. ஆம்ப்ளிஃபையரின் உள்வாயில் காலுக்கு ஒட்டியே ஒரு சின்ன கெப்பாசிட்டரும், அதற்கு முன் ஒரு ரெசிஸ்டரும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். கெப்பாசிட்டர் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே பலன் குறையும்.

பிசிஐ சோதனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹார்னஸைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்டி நேராக மின்சாரத்தை ஏற்றுவார்கள், ஆர்10-ல் 60 மில்லிஆம்பியர். பொருளிலிருந்து 150, 450, 750 மில்லிமீட்டர் என்று இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஓரிடத்தில் பாஸ் ஆவது இன்னோரிடத்தில் தோற்கும். கனெக்டரின் ஒவ்வொரு காலிலும் எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போன ஒரு கால் வழியாகத்தான் வரும். பயன்படாத கால் என்று சும்மா விட்டதுகூட வழி கொடுக்கும்.

7637 பல்ஸ், லோடு டம்ப் இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. 7637-ன் துடிப்புகள் வண்டியில் இருக்கும் ஹாரன், ரிலே, மோட்டார் ஆகியவை அணையும்போது வயரில் வரும் உதைகள். 12 வோல்ட் வண்டிக்கு ஆர்10-ன் மூன்றாம் நிலையில் முதல் பல்ஸ் கழித்தல் 75 வோல்ட், 3ஏ கழித்தல் 112 வோல்ட்.

லோடு டம்ப் வேறு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால், போகும் இடமில்லாத ஆற்றல் எல்லாம் உங்கள் பாகத்தின் மேல் விழும். ஐஎஸ்ஓ 16750-2-ல் 12 வோல்ட் வண்டிக்கு 79 முதல் 101 வோல்ட் வரை, 24 வோல்ட் லாரிக்கு 151 முதல் 202 வரை, அதுவும் 12 வோல்ட்டில் 400, 24 வோல்ட்டில் 350 மில்லிநொடி வரை நீடிக்கும். ஆல்டர்னேட்டரிலேயே அடக்கும் வசதி இருந்தால் 12 வோல்ட்டில் அது 35-ஆகக் குறையும். உங்கள் டிவிஎஸ் டயோடு (வண்டிக் கம்பெனி இல்லை, திடீர் மின்னழுத்தத்தை அடக்கும் டயோடு) எவ்வளவு ஆற்றலைத் தாங்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. சின்ன டயோடு போட்டால் முதல் அடியிலேயே ஷார்ட் ஆகும். தொப்பூர்க் கணவாயில் இரவில் இறங்கும் லாரிக்கு அப்படி ஆகி விளக்கு மொத்தமும் அணைவதை நினைத்துப் பாருங்கள். அந்த நினைப்போடு டயோடைத் தேர்ந்தெடுங்கள்.

நிலைமின்சாரச் சோதனைக்கு என்ன தயாரிப்பு?

துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் தொடும் இடங்களில் எல்லாம் அடிப்பார்கள். தொட்டு அடிப்பது 8 கிலோவோல்ட், காற்று வழியாக 15 கிலோவோல்ட் என்பது அடிக்கடி கேட்கப்படும் அளவு. பொத்தான் ஓரத்து இடைவெளி, டிஸ்ப்ளே விளிம்பு, வெளியே தெரியும் ஸ்குரூ, யூஎஸ்பி சார்ஜர் வாய் ஆகியவைதான் பலவீனம். பொருளை அணைத்து வைத்து, கனெக்டர் கால்களில் அடிக்கும் சோதனையும் உண்டு. அசெம்பிளி லைனில் கையால் எடுப்பதற்கு ஈடானது அது. சோதனைக்குத் தனியாக மூன்று சாம்பிள் வையுங்கள், இதில் அடிபட்டதை வேறு சோதனைக்கு எடுக்காதீர்கள்.

மின்சார வண்டியின் சார்ஜருக்கு வேறு சோதனை உண்டா?

உண்டு. வீட்டு பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏறும் நிலையில் ஆர்10 தனியாகக் கேட்கிறது. ஏசி வயரில் 2 கிலோவோல்ட் வேகத் துடிப்பு, லைனுக்கும் எர்த்துக்கும் 2 கிலோவோல்ட், லைன்களுக்கு நடுவே 1 கிலோவோல்ட் சர்ஜ். அது போக ஏசி வயரில் நீங்கள் திருப்பி அனுப்பும் இரைச்சலும் ஹார்மோனிக்ஸும். வெறும் 12 வோல்ட் பாகம் செய்து பழகியவர்கள் சார்ஜரில் இறங்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

லேபில் தோற்றுவிட்டால் அங்கேயே சரிசெய்ய முடியுமா?

பல நேரம் முடியும், பையில் பொருள் இருந்தால். செப்பு டேப், பல அளவில் கிளிப் ஃபெரைட், 1, 10, 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள், காமன் மோடு சோக், சால்டரிங் அயர்ன், எமரித் தாள், கூடுதல் சாம்பிள். முதலில் ஹார்னஸில் பொருளுக்கு ஒட்டி ஒரு ஃபெரைட் மாட்டுங்கள். இரைச்சல் குறைந்தால் வயர் வழியாக வருகிறது. குறையவில்லையா, பெட்டியிலிருந்தோ போர்டிலிருந்தோ நேராக வருகிறது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள், படம் எடுங்கள். பதற்றத்தில் நான்கை ஒன்றாகச் செய்து பாஸ் ஆனால், எது வேலை செய்தது என்று தெரியாமல் நான்கையும் தயாரிப்பில் சுமக்க வேண்டிவரும். 6 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் பாதி, 20 டெசிபல் என்றால் பத்தில் ஒன்று. 3 டெசிபலில் தோற்றதை ஃபெரைட் காப்பாற்றும். 25 டெசிபலில் தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து போர்டை மறுபடி வரையுங்கள். அது அவமானமில்லை, அங்கே உட்கார்ந்து மூன்று நாள் வாடகை கட்டுவதைவிட நல்லது.

பாஸ் ஆன பிறகு ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டுமா?

எதை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பர்சேஸ் பிரிவில், "அதே வோல்ட், அதே ஆம்பியர், விலை குறைவு" என்று வேறு கம்பெனி மாஸ்ஃபெட் வாங்குவார்கள். டேட்டா ஷீட்டில் ஆன் ஆகும் வேகத்தைப் பாருங்கள். 50 நானோநொடியில் ஏறும் அலையின் இரைச்சல் 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகக் குறையத் தொடங்கும். 10 நானோநொடியில் ஏறினால் அது 30 மெகாஹெர்ட்ஸ் வரை தள்ளிப்போகும். புது மாஸ்ஃபெட் பழையதைவிட நல்லது, சூடு குறைவு, ஆனால் இரைச்சல் கூடுதல். கேட் ரெசிஸ்டரைக் கூட்டினால் இரைச்சல் இறங்கும், சூடு ஏறும். இரண்டையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செராமிக் கெப்பாசிட்டரும் அப்படியே. மதிப்பு ஒன்றாக இருந்தாலும், வோல்டேஜ் ஏறும்போது சில வகைகளின் கெப்பாசிட்டன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கும்.

இதற்கு ஒரே வழி, பாஸ் ஆன சாம்பிள்களில் ஒன்றைத் தேதி எழுதி, பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். அன்றைக்கு உங்கள் மேசையில் அதை அளந்தபோது எடுத்த திரையின் படத்தையும் கூடவே வையுங்கள். பாகம் மாறும்போது புதியதையும் பழையதையும் அதே மேசையில், அதே ஹார்னஸில், அடுத்தடுத்து அளந்து பாருங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால், அந்த இரண்டு படத்தையும் வைத்துக்கொண்டு வண்டிக் கம்பெனியிடம் பேசுங்கள். உட்காராவிட்டால் லேபுக்கு போன் செய்து நாள் கேளுங்கள்.